குருத்து

'ஸ்டெம் செல்' என்பதைத் தமிழில் 'குருத்தணு' என்கிறோம். குருத்தை வெட்டினால் பனை பட்டுப்போகும். மொழியியல் மாணவனான எனக்கு இச்சொல்லின் பொருத்தம் அப்பாவின் வலக்கண்ணால்தான் விளங்கிற்று.

சிறுவயதில் தெறித்த வெற்றிலைச் சுண்ணாம்பு, கருவிழியின் விளிம்பிலிருந்த குருத்தணுக்களை அழித்துவிட்டது. மேற்பரப்பைப் புதுப்பிக்க அணுக்கள் இல்லாததால், வெண்விழியின் சவ்வு படர்ந்து பார்வையை மறைத்தது.

நான் ஆய்வு செய்யும் ஹைதராபாத்தில் உருவாகி, 2012இல் ஆய்விதழில் வெளியான அறுவை முறை ஒன்றுண்டு. நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் திசுவை எடுத்து, துணுக்குகளாக்கி, பழுதான கண்ணில் பதித்து வளரச் செய்கிறார்கள்.

தொலைபேசியில் விளக்கினேன். "இருக்கிற ஒரு கண்ணையும் கத்திக்குக் கொடுக்கணுமாப்பா?" என்றார்.

குருத்தணுவால் எல்லா நோயும் தீரும் என்னும் விளம்பரங்கள் இக்கேள்விக்கு இடமளிப்பதில்லை. என்னிடமும் விடையில்லை. அடுத்த மாதம் மருத்துவரிடம் முதலில் இதையே கேட்கவிருக்கிறோம்.