பாலோவில் வெட்சூட் எதற்கு?

பாலோவில் கடல் இல்லை. ரயில் நிலையம் உண்டு, கடைவரிசை உண்டு, ஊரைச் சுற்றிச் செம்பனை உண்டு. குளுவாங், கோத்தா திங்கி வழியாகக் காரில் போனால் இரண்டரை மணி நேரத்தில் தெசாரு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது அங்கும், பக்கத்தில் தஞ்சோங் பாலாவிலும் அலைச்சறுக்குப் பிரியர்கள் கூடுவார்கள். மற்றவர்கள் கடற்கரையை விட்டு விலகும் மாதங்கள் அவை. சிவப்புக் கொடி பறந்தால் இவர்களும் விலகத்தான் வேண்டும்.

அந்த மாதங்களில் அங்கே கடல்நீர் 26, 27 டிகிரி செல்சியஸ். மே, ஜூனில் 29, 30 வரை ஏறும். மூன்று டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் மழைபெய்யும் டிசம்பர் காலையில் ஈரத்தோடு பலகைமேல் உட்கார்ந்து அலைக்குக் காத்திருந்தால் பற்கள் தந்தியடிக்கும். நடுக்குவது தண்ணீரைவிடக் காற்றுதான். அதற்கு முழுக்கை லைக்ரா சட்டையே போதும். மிஞ்சிப்போனால் 1 மில்லிமீட்டர் நியோப்ரீன் மேல்சட்டை. முழு வெட்சூட் மாட்டினால் வெந்துவிடுவோம்.

எனக்கு அது தேவைப்பட்டது பெர்த்தில். பிள்ளைகளைப் படிக்கவும் வேலைக்கும் அங்கே அனுப்பிய குடும்பங்கள் நம்மில் நிறைய; கோலாலம்பூரிலிருந்து ஐந்தரை மணி நேரப் பயணம். என் தங்கை மகன் அங்கே படிக்கிறான். செப்டம்பரில் போயிருந்தேன்.

“வெயில் நல்லா அடிக்குது. ஆனா தண்ணிய நம்பாதீங்க மாமா” என்றான்.

அவன் சொன்னது சரி. கடல் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். அங்கே குளிர்காலம் ஆகஸ்டோடு முடிந்தாலும், நீர் மிகவும் குளிர்ந்து 18, 19 டிகிரியில் இருப்பது செப்டம்பர் வாக்கில்தான். கோடை முடியும்போது 23ஐத் தொடும். இந்தோனேசியத் தீவுகளுக்கிடையே கடந்து வரும் வெதுவெதுப்பான நீரும் சேர்ந்த லீவின் நீரோட்டம் அந்தக் கரையோரம் தெற்கே பாய்வதால்தான் இந்த அளவுக்காவது இருக்கிறது.

காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக நீர் உடல் சூட்டை இழுத்துவிடும். முதலில் விரல்கள் மரக்கும், பிறகு தோள் சோரும். துடுப்பாக இருக்க வேண்டிய கை ஓய்ந்துபோனால் கரை திரும்புவது எப்படி? பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

வெட்சூட் தண்ணீரே புகாத உடை அல்ல. உள்ளே நுழையும் மெல்லிய நீர்ப்படலத்தை நம் உடலே சூடாக்கும். நியோப்ரீனில் உள்ள நுண்ணிய வாயுக் குமிழ்கள் அந்தச் சூட்டை வெளியே விடாது. 1950களின் தொடக்கத்தில் இதை உருவாக்கியவர் கலிஃபோர்னியா இயற்பியலாளர் ஹியூ பிராட்னர்.

கடையில் 3/2 என்று போட்டிருந்தால் மார்புக்கும் முதுகுக்கும் 3 மில்லிமீட்டர், கை கால்களுக்கு 2 என்று பொருள். பெர்த்தின் செப்டம்பருக்கு அதுவே சரி. 22, 23 டிகிரி என்றால் அரைக்கை, அரைக்கால் 2 மில்லிமீட்டர் போதும். விக்டோரியாவின் பெல்ஸ் பீச்சில் குளிர்காலத்தில் நீர் 13, 14 டிகிரிக்கு இறங்கும். அங்கே 4/3, காலுக்கு நியோப்ரீன் பூட்சும் வேண்டும்.

ஆனால் தடிமனைவிட முக்கியம் அளவு. தொளதொளத்த 4 மில்லிமீட்டரைவிட உடம்போடு ஒட்டிய 3 மேல். போட்டுக்கொண்டு கைகளைத் தூக்குங்கள், குத்துக்காலிட்டு உட்காருங்கள். இடுப்புக்கு மேலே முதுகில் பைபோல் தொங்கினால் ஒவ்வொரு அலைக்கும் புதிய குளிர்நீர் உள்ளே பாயும். தொப்பைக்காகப் பெரிய அளவு எடுக்கும் நம் ஆண்களுக்கு இது அடிக்கடி நடக்கும். குட்டையானவர்களுக்கென்றே தனி அளவுகள் இருக்கின்றன, கேட்டு வாங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர்கள் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

நான் வாங்கிவந்துவிட்டேன். நல்ல நீரில் அலசி, உள்புறம் வெளியே தெரியத் திருப்பி, நிழலில் காயப்போட வேண்டும். நம் ஊர் வெயில் நியோப்ரீனை விறைக்கவைத்துவிடும், ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இப்போது அது வீட்டு முன்தாழ்வாரத்தில் கொடியில் தொங்குகிறது. பக்கத்து வீட்டு அக்கா, தீயணைப்புப் படையில் சேர்ந்துவிட்டேனா என்று விசாரித்தார்.