உறங்கும் ஆயிரம் பேர்

வீடியோ விளையாட்டு என்றாலே நம் பேராசிரியர்களுக்கு நினைவு வருவது துப்பாக்கிச் சத்தமும் கெட்டுப்போகும் பிள்ளைகளும்தான். அவர்கள்மீது குற்றமில்லை, பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் எவரையும் சுடாமல், எவரையும் சந்திக்காமல், விண்மீன்களுக்கிடையே தன்னந்தனியாகச் செல்வதையே ஆட்டமாகக் கொண்ட சிலவும் உண்டு.

அவற்றுள் ஒன்று 'சீட்ஷிப்'. விதைக் கப்பல் என்று சொல்லலாம். ஜான் அய்லிஃப் என்பவர் 2017-இல் வெளியிட்டது. ஆரவாரமான படங்கள் இல்லை. ஏறக்குறைய எல்லாமே எழுத்துதான். பூமி அழியும் தறுவாயில் ஆயிரம் மனிதர்களை உறக்கத்தில் ஆழ்த்தி ஒரு கப்பலில் அனுப்பிவிடுகிறார்கள். விழித்திருப்பது கப்பலைச் செலுத்தும் கணிப்பொறி மட்டுமே. அந்தக் கணிப்பொறிதான் நாம்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிச் சைதாப்பேட்டையில் இறங்குவதற்குள் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். சானடோரியத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே சில நூற்றாண்டுகள் கழிந்திருக்கும். பல்லாவரத்தில் ஏறும் கூட்டம் தோளை இடிக்கும்போது, எனக்கோ பல ஒளியாண்டுத் தொலைவுக்கு ஆளரவமே இராது.

நூற்றாண்டுகள் என்றது கதைக்காக அன்று. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் செல்கிறது. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வர அதற்கு இரண்டு நொடி போதும். அதே வேகத்தில், சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியை அடைய 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும்! 35 ஆண்டுகள் ஓடி, 2012-இல்தான் அது சூரியக் காற்றின் எல்லையையே தாண்டியது. வேகத்தை உண்மைக்கு அருகில் வைத்தால், தனிமை அழையாமலே வந்துவிடுகிறது.

தனிமையில் இருப்பவனுக்குப் பழங்கதை வேண்டும். 1984-இல் 'எலைட்' என்ற விளையாட்டு வந்தபோது, அது ஓடிய பிபிசி மைக்ரோ கணிப்பொறியின் நினைவகம் 32 கிலோபைட். கதைக்கு ஏது இடம்? எனவே ராபர்ட் ஹோல்ட்ஸ்டாக் எழுதிய 'தி டார்க் வீல்' என்ற குறுநாவலை அச்சிட்டுப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அதைப் படித்துவிட்டு, வெறும் கோடுகளால் வரைந்த கப்பலைச் செலுத்த வேண்டியதுதான். மீதி நம் மனத்தில். இன்றோ முன்கதையையெல்லாம் சினிமாவாகவே எடுத்துக் காட்டிவிடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவருவதில்லை.

விதைக் கப்பலில் முன்கதை வெறும் எண்ணாக இருக்கிறது. அறிவியலுக்கு ஒரு களஞ்சியம், பண்பாட்டுக்கு ஒரு களஞ்சியம். இரண்டும் நூற்றுக்கு நூறு என்று தொடங்கி, வழியில் நேரும் விபத்துகளில் தேய்ந்துகொண்டே வரும். பண்பாடு நாற்பது என்று திரை காட்டும்போது, போன அறுபதில் என்ன இருந்தது என்று சொல்வதில்லை. என் பாட்டி ஆட்டுக்கல்லில் மாவரைக்கும்போது ஒரு பாட்டு முணுமுணுப்பாள். யாரும் எழுதி வைத்ததில்லை. அது தேய்வதற்கு, முதலில் ஏற்றப்பட்டிருக்க வேண்டுமே!

இது வீண் கவலை என்பவர்கள் வாயேஜரில் உள்ள தங்கத் தகட்டைப் பார்க்கட்டும். 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. இந்தி உண்டு, தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களமும் உண்டு. கேசர்பாய் கேர்க்கரின் இந்துஸ்தானி இசையும் உண்டு. தமிழ் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கைக்கெட்டிய பேச்சாளர்களைக் கொண்டு அவசரமாகப் பதிவுசெய்தார்கள், சதி ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தகடு இனித் திரும்பி வரப்போவதில்லை.

சென்ற மாதம் நல்ல காற்றும் நீரும் உள்ள ஒரு கோளில் என் கப்பலை இறக்கினேன். எண்ணூறுக்கு மேற்பட்டோர் பிழைத்தனர். பண்பாட்டுக் களஞ்சியம் பாதிக்குமேல் போயிருந்தது. மதிப்பெண் நன்றாகவே வந்தது. "ஜெயிச்சிட்டியேக்கா!" என்றான் எட்டிப் பார்த்த தம்பி. உறங்கியவர்கள் கண்விழித்து முதலில் எந்த மொழியில் பேசினார்கள் என்று திரையில் தேடினேன். அது போடவில்லை.