துரு

அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லோடுமேன். எங்க வீட்டில் முதல் டிப்ளமோ நான்தான். ஃபீஸ் கட்ட, காது கம்மலைக் கழற்றி அடகு வைத்தது ஆயா. போன வருஷம் அதே ஆயா, "யாருப்பா நீ?" என்று கேட்டது. சாப்பிட்ட கையோடு மறுபடி சோறு கேட்டது. "நடிக்காதே!" என்று கத்திவிட்டேன்.

திருவள்ளூர் டாக்டர் 'அல்ஸைமர்' என்றார். லைப்ரரியில் தேடிப் படித்தேன். 1906-ல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர் முதலில் விவரித்த நோய். மூளையில் 'மைக்ரோகிளியா' என்ற துப்புரவு செல்கள் உண்டு. அமிலாய்டு என்ற புரதக் கசடை அவை தின்று அகற்றும். கசடு சேர்ந்துகொண்டே போனால் அழற்சி அடங்காது. நல்ல நரம்புச் செல்லும் சேதமாகும். உப்புத்தாளில் துருவைத் தேய்க்கப் போய் இரும்பையே தேய்த்துவிடுகிறோமே, அப்படி!

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் விஜயலட்சுமி ரவீந்திரநாத், கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்துக் கிராம மக்களை 45 வயதிலிருந்தே தொடர்ந்து பரிசோதிக்கும் ஆய்வைத் தொடங்கினார். ஆயா மாதிரி கிராமத்து ஜனங்களும் விஞ்ஞானத்தின் கணக்கில் வந்தாச்சு!

நண்பர்களே, முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. உங்க வீட்டுப் பெரியவங்க மறந்தால் கத்தாதீங்க. அது பிடிவாதமல்ல, நோய்.

முதல் சம்பளத்தில் கம்மலை மீட்பேன். "இது யாருது?" என்று ஆயா கேட்கலாம். "உன்னுதுதான் ஆயா" என்பேன், எத்தனை முறை கேட்டாலும்.