விளக்கு அணைந்த பிறகு

ஒரே நாவலைப் படித்துவிட்டு ஒருவர், "ராத்திரி முழுவதும் தூங்கவில்லை, புத்தகத்தைக் கீழே வைக்கவே முடியவில்லை" என்று சந்தோஷமாகச் சொல்கிறார். இன்னொருவர் அதையே புகாராகச் சொல்கிறார். "கீழே வைக்கவே விடவில்லையே! அப்புறம் யோசிப்பது எப்போது?" என்று கேட்கிறார். விறுவிறுப்பான கதைகளுக்கு, அதிலும் சதியாலோசனையை நடுவில் வைத்துக்கொண்டு ஓடும் கதைகளுக்கு, இந்த இரட்டைத் தலையெழுத்து எப்போதும் உண்டு. தமிழில் அதற்குப் பெரிய சாட்சி கல்கியின் 'பொன்னியின் செல்வன்'.

1950 அக்டோபரில் 'கல்கி' பத்திரிகையில் தொடங்கி, ஐந்து பாகங்களாக வளர்ந்து, 1954-இல் முடிந்த தொடர்கதை அது. சரித்திர நாவல் என்று அதற்குப் பெயர். கிரீடத்தையும் கவசத்தையும் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது சதிக் கதைதான். நோயில் படுத்த சக்கரவர்த்தி. சிம்மாசனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உரிமைகள். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடும் சிற்றரசர்கள். அந்தப் பேச்சைத் தற்செயலாகக் கேட்டுவிடும் ஒரு வாலிபன். அந்தச் சதிக்கும் பின்னால், அதைவிடப் பயங்கரமான இன்னொரு சதி. கதை நடக்கும் காலம் சில மாதங்கள்தான். வாரா வாரம் காத்திருந்து படித்தவர்களுக்கோ அது மூன்றரை வருஷம்! 2022-லும் 2023-லும் மணிரத்னம் அதை இரண்டு பாகங்களாகப் படமாக எடுத்த பிறகு, தாத்தா காலத்துச் சண்டையைப் பேரன்மார்கள் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள்.

அந்தச் சண்டையை நான் நேரில் கேட்டது செஞ்சியில். சில வாசக நண்பர்கள் ஒரு மாலையில் கூடி இந்த நாவலைப் பற்றிப் பேசினார்கள். கதை எழுதுகிறவன் என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களில் மூன்று பேருடைய அபிப்பிராயங்கள் இன்னும் என் காதில் நிற்கின்றன.

முதலில் பேசியவர் மணிலா மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறவர்.

"ஐயா, நாலு தடவை படிச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் ஆதித்த கரிகாலன் சாகிற இடத்துக்கு வரும்போது, இந்தத் தடவையாவது கொன்னது யாருன்னு திட்டமா சொல்லிடுவாரான்னு பார்க்கிறேன். சொல்ல மாட்டேங்கிறாரே! ரெண்டாயிரம் பக்கத்துக்கு மேல ஓட ஓட இழுத்துக்கிட்டுப் போயி, கடைசியில விளக்கை அணைச்சுட்டாரு. எங்க கடையில இப்படிக் கணக்கு முடிச்சா முதலாளி விடுவாரா?"

அடுத்தவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவர் க. நா. சுப்ரமண்யத்தின் கட்சி, கல்கியின் சரித்திரக் கதைகளை இலக்கியக் கணக்கில் சேர்க்க ஒப்பாதவர்.

"கணக்கு முடியலைன்னு இவருக்கு வருத்தம். எனக்கு ஓட்டத்து மேலேயே வருத்தம். ஒரு கதவைத் திறந்தா பின்னால ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான். ஒட்டுக் கேட்கப்படாத சுவரே சோழ நாட்டில கிடையாது போலிருக்கு! அந்த மனுஷங்க தனியா உட்கார்ந்து அழறதுக்குக்கூட நேரம் கொடுக்கலையே?"

மூன்றாவது, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "சார், யார் கொன்னாங்கன்னு அவர் சொல்லியிருந்தா நான் அன்னிக்கே மறந்திருப்பேன். சொல்லாமல் விட்டதாலதான் உடையார்குடிக் கல்வெட்டைத் தேடிக்கிட்டுப் போனேன்."

அந்தப் பெண் குறிப்பிட்ட கல்வெட்டு காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. இராஜராஜ சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த செய்தி. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய நிலங்களும் உறவினரின் உடைமைகளும் பறிமுதலானதைத் தெரிவிக்கிறது. அதாவது, கொலையாளிகளின் பெயர் கல்லிலேயே இருக்கிறது. ஏன் கொன்றார்கள், பின்னால் நின்றவர் யாராவது உண்டா என்பதுதான் கல்லில் இல்லை.

அந்த வெற்றிடத்தில் பெரிய சரித்திர ஆசிரியர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். அண்ணன் மகன் மாண்டதால் பட்டம் கிடைத்தது அவனுக்கு. 985 வரை ஆண்டும் கொலையாளிகளைத் தண்டித்ததாகச் செய்தி இல்லை. தண்டனையின் சுவடு இராஜராஜன் வந்த பிறகுதான் தெரிகிறது என்பது அவர் வாதம். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் இதை மறுத்தார். உத்தம சோழனுக்கு இதில் பங்கில்லை என்பது அவர் முடிவு. ஆகவே செஞ்சி வாசகர்களின் சண்டை வெறும் பொழுதுபோக்குச் சண்டையல்ல. புலவர்கள் தீர்க்காத வழக்கு ஒன்று அதற்கு அடியில் கிடக்கிறது.

இப்போது ஒரு நாவலாசிரியனின் மேஜையை நினைத்துப் பாருங்கள். அவன் கையில் ஒரு கொலை இருக்கிறது. மதிப்புக்குரிய சரித்திர ஆசிரியர் ஒருவரின் சந்தேகம் இருக்கிறது. உத்தம சோழனையே சூத்திரதாரியாக்கினால் போதும். எல்லா முடிச்சுகளும் ஒரே இழுப்பில் அவிழும். மண்டிக் கணக்கரும் திருப்தியோடு புத்தகத்தை மூடுவார். கல்கி அதைச் செய்யவில்லை. செய்யாதது மட்டுமல்ல, அதற்கு நேர் எதிராக ஒரு வேலை செய்தார். சதிகாரர்கள் முன்னிறுத்தும் மதுராந்தகன் வேறு, உண்மையில் செம்பியன் மாதேவியின் பிள்ளையாகப் பிறந்து பட்டமேறும் உத்தம சோழன் வேறு என்று ஆளையே இரண்டாகப் பிரித்துவிட்டார். பூ கட்டிக்கொண்டு தேவாரம் பாடிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன் அரசனாகிறான்.

"குழந்தை மாறிப்போவது பழைய நாடகக் கம்பெனி வித்தை" என்றார் தலைமை ஆசிரியர். வித்தை பழையதுதான். ஆனால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஒரு மனிதனின் பெயரில், நிரூபணமாகாத கொலைப் பழி ஒட்டாமல் இருப்பதற்காக ஓர் ஆசிரியர் தம் கதையின் நம்பகத்தன்மையில் கொஞ்சத்தைக் கைவிட்டிருக்கிறார். எனக்கு அது வித்தையாக மட்டும் தெரியவில்லை.

இதில் அப்படி என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்கலாம். அதற்குச் செஞ்சியே பதில் வைத்திருக்கிறது. மறுநாள் காலை வெயிலுக்கு முன்னால் ராஜகிரி மேல் ஏறினேன். கீழே கல்யாண மகாலும் களஞ்சியங்களும் தெரிந்தன. 2025-இல் உலக மரபுச் சின்னங்களில் சேர்க்கப்பட்ட பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் இதுவும் ஒன்று. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். மராட்டியக் கோட்டை என்ற பெயரை இதற்குச் சம்பாதித்துக் கொடுத்த பெரிய சம்பவம் ஒரு முற்றுகை. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே வந்து அடைக்கலம் புகுந்தான். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690-இல் வளைத்துக்கொண்டான். கோட்டை விழுந்தது 1698-இல்! இடையில் எத்தனை மர்மங்கள்! ராஜாராமுடன் ரகசியத் தொடர்பு வைத்ததாகச் சந்தேகித்து, பாதுஷாவின் சொந்த மகன் காம் பக்ஷையே மொகலாயத் தளபதிகள் காவலில் வைத்தார்கள். முற்றுகையை வேண்டுமென்றே நீட்டியவன் ஜுல்பிகார் கான்தான் என்றும் பேச்சு எழுந்தது. கோட்டை பிடிபடுவதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டான். தப்பினானா, தப்ப விட்டார்களா என்பது இன்றும் வாதத்துக்கு உரியது.

இவ்வளவு பெரிய சதிக் கதை இந்த மலைமேல் நடந்திருக்கிறது. ஆனால் செஞ்சி என்றதும் தமிழ்நாட்டில் யார் நினைவுக்கு வருகிறார்கள்? ராஜா தேசிங்கு. சில மாதங்களே அரசாண்டு, கப்பப் பாக்கிக்காக ஆர்க்காட்டு நவாபுடன் மோதி, 1714-இல் போர்க்களத்தில் மாண்ட வாலிபன். எட்டு வருஷ முற்றுகை புத்தகங்களில் இருக்கிறது. சில மாத தேசிங்கு நாட்டுப் பாடலிலும், கூத்திலும், 1960-இல் வந்த சினிமாவிலும் இருக்கிறான். காரணம் எளிது. முற்றுகை மெதுவாக நடந்தது. தேசிங்கின் குதிரை வேகமாக ஓடியது. ஜனங்களின் ஞாபகம் வேகத்தின் பக்கம்தான் சாய்கிறது.

அங்கேதான் விறுவிறுப்பாக எழுதுகிறவனுடைய பொறுப்பு ஆரம்பமாகிறது. மெதுவான புத்தகம் ஒருவன் மேல் தவறாகப் பழி சுமத்தினால், நாலு பேர் படிப்பார்கள், இரண்டு பேர் மறுப்பார்கள். வேகமான புத்தகம் சுமத்தினால் அதுவே சரித்திரமாகிவிடும். இறந்தவர்கள் பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுத முடியாது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் உண்டு. 2003-இல் டான் பிரவுன் எழுதிய 'டாவின்சி கோட்' உலகத்தை இரண்டு கட்சியாக்கிய சதிக் கதை. 2006-இல் அதன் திரைப்படத்தைத் தமிழ்நாட்டிலும் தடை செய்தார்கள். பிறகு உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. அந்த வேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அத்தியாயத்தை எங்கே வெட்டுவது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் புத்தகத்தின் வாசலிலேயே 'உண்மை' என்று தலைப்பிட்டு, 1099-இல் தோன்றிய ரகசியச் சங்கம் ஒன்று நிஜமாகவே உண்டு என்று அச்சிட்டிருக்கிறார். அந்தச் சங்கமோ 1956-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் பதிவு செய்தது! ஓடுகிற வாசகன் நின்று விசாரிக்கமாட்டான் என்ற தைரியம் அது. கல்கிக்கும் வாசகன் ஓடுவான் என்று தெரியும். அதனால்தான் அவன் கையில் ஒரு நிஜ மனிதனின் தலையைக் கொடுத்தனுப்பவில்லை.

கூட்டத்தில் இதையெல்லாம் விரிவாகச் சொல்ல நேரமில்லை. கணக்கரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"கடைக்கு ஒரு பணம் வருது, யார் அனுப்பினாங்கன்னு தெரியலை. எந்தப் பேர்ல எழுதுவீங்க?"

"அனாமத்துல வைப்போங்க."

"பேரேடு நேராகணுமேன்னு யார் பேர்லயாவது எழுதிட மாட்டீங்களா?"

"அதெப்படிங்க? தப்பில்லையா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "அனாமத்துல வைக்கலாங்க. ஆனா அனாமத்துன்னு முன்னாடியே சொல்லிடணும். கடைசிப் பக்கத்துல சொன்னா எப்படி?" என்றார்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சதிக் கதை வாசகனுக்கு ஒரு வாக்குக் கொடுத்துத்தான் கையைப் பிடித்து இழுக்கிறது. முடிவில் எல்லாம் தெரியும் என்பதே அந்த வாக்கு. அது நிறைவேறாதபோது கோபப்படுகிறவன் ரசனை கெட்டவனல்லன், நம்பி வந்தவன். அப்படிப்பட்டவர்கள் 1954-லேயே இருந்தார்கள். கதை சட்டென்று முடிந்துவிட்டதாக அவர்கள் குறைப்பட்டதற்காகத்தான் கல்கி கடைசியில் முடிவுரை எழுத நேர்ந்தது. மேலே என்ன நடந்தது என்ற தாகம் அதற்குப் பிறகும் தணியவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ச்சியே எழுதினார்.

என் கட்சி எது என்று கேட்டால், வேகத்துக்கு நான் விரோதியல்லன். தலைமை ஆசிரியர் கேட்ட கண்ணீருக்கு நேரம் கொடுக்கும் நாவல்கள் வேறு இருக்கின்றன. அவற்றையும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் ஓடுகிற கதைக்கும் நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நிஜமாக வாழ்ந்த ஒருவன் மேல் விரல் நீட்டும் இடம் அது. கல்கி அங்கே நின்றார், விளக்கை அணைத்தார். அதற்காகச் சில வாசகர்களின் கோபத்தையும் ஏற்றுக்கொண்டார். மண்டிக் கணக்கர் ஐந்தாம் தடவையும் படிப்பார். அவருடைய வழக்கு நிலுவையில் இருக்கட்டும். உத்தம சோழன் பேரில் எழுதித் தீர்க்க வேண்டாம்.