மூட்டை ஏற்றிய விமானங்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் ஆளைவிடச் சாமான் அதிகம். கீழிருந்து அரிசியும் உர மூட்டையும் மேலே போகும். மேலிருந்து புளியும் கடுக்காயும் பலாவும் கீழே வரும். கோமுகி அணையைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. அருவி பார்க்க வந்த இளைஞர்கள் நாலைந்து பேர் ஜன்னலில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அருவியில் நாட்டம் இல்லை. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

மலையாளிப் பழங்குடி குடும்பத்தில் பிறந்தவர். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த கல்வராயன் மலை இது. அங்கிருந்து ஒரு பையன் இறங்கிப்போய் ராணுவத்தில் சேர்ந்து, லடாக்கின் பனிமலைகளுக்கு மேலே விமானத்தில் நின்று மூட்டை தள்ளினான் என்பதை நம்பச் சற்று நேரம் பிடிக்கிறது. அவர் வேலை அதுதான். ராணுவத்தின் சப்ளைப் பிரிவில், விமானத்திலிருந்து சரக்கை வெளியே தள்ளும் குழுவில் இருந்தார்.

பாதி வழியில் பேருந்தைப் பனிமூட்டம் பிடித்துக்கொண்டது. ஓட்டுநர் விளக்கைப் போட்டுப் பார்த்தார், பிறகு அணைத்தார். விளக்கைப் போட்டால் எதிரே இன்னும் வெள்ளையாகிவிடுகிறது. நடத்துநர் இறங்கி முன்னால் நடந்து வழிகாட்ட, ஒரு வளைவை அப்படியே கடந்தோம். ஊர் சேர்ந்து இதைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

“இங்க கண்டக்டர் எறங்கிடலாம் தம்பி. அங்க யாரு எறங்குறது?”

பனிப் பிரதேசத்தில் விமானிகள் அதிகம் அஞ்சுவது புயலைக்கூட அல்ல, இந்த வெள்ளையைத்தான். கீழே பனி, மேலே மேகம். வெளிச்சம் இரண்டுக்கும் நடுவே சிதறிச் சிதறி நிழலே விழாமல் போய்விடும். தொடுவானம் மறையும். தரை பத்தடியில் இருக்கிறதா, ஆயிரம் அடியில் இருக்கிறதா என்று கண் சொல்லாது. 1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்து விமானம் ஒன்று அண்டார்டிகாவின் எரிபஸ் மலைச்சரிவில் நேராகப் போய் மோதியது. அதிலிருந்த 257 பேரும் இறந்தார்கள். எதிரே மலை இருப்பதே விமானிகளின் கண்ணில் படவில்லை. அது சுற்றுலா விமானம். சரக்கும் படையும் ஏற்றிய விமானங்கள் துருவத்தில் விழுந்த கதைகள் வேறு வகை.

1971 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையின் ஹெர்குலிஸ் விமானம் ஒன்று கிழக்கு அண்டார்டிகாவில் மேலே எழும்பும்போது சேதமாகி அங்கேயே நின்றுவிட்டது. ஆட்களை மீட்டார்கள், விமானத்தைப் பனி மூடியது. பதினைந்து ஆண்டு கழித்து அதைத் தோண்டி எடுத்துப் பழுது பார்த்தார்கள். 1988 ஜனவரியில் அது மறுபடி பறந்தது. ஆனால் முந்தைய மாதம், அந்தப் பழுதுபார்ப்புக்கு உதவிக்கொண்டிருந்த இன்னொரு ஹெர்குலிஸ் அதே இடத்தில் விழுந்து இருவர் இறந்தனர். ஒரு பழைய விமானத்துக்காக இது தேவையா என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் கேட்டேன். “சாமான் போச்சுன்னா கணக்கு கேப்பாங்க தம்பி. ஆளு போனா மாலை போடுவாங்க” என்றார். கசப்பாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நமக்குத் துருவம் என்பது வடக்கே இமயத்தில் இருக்கிறது. லே விமானதளம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 10,700 அடியில் உள்ளது. கல்வராயன் மலையின் உயரமான பகுதிகளே 4,000 அடியைத் தொட்டால் அதிகம். லேயில் காற்று மெலிந்திருப்பதால் எஞ்சினின் வலு குறையும், இறக்கைக்குத் தூக்குவிசை குறையும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்குகளில் காற்று சுழலத் தொடங்கும். அதனால் சண்டிகரிலிருந்து விமானங்கள் விடியலிலேயே கிளம்பும். விடுப்பு முடிந்து வந்த சிப்பாய்கள் டிரான்சிட் கேம்ப்பில் பெட்டியோடு உட்கார்ந்து ‘கூரியர்’ கிளம்புமா என்று நாள்கணக்கில் காத்திருப்பார்கள். ஆள் கொண்டுபோகும் விமானத்துக்குப் படையில் கூரியர் என்றுதான் பேச்சு.

அப்படிக் காத்திருந்து ஏறியவர்கள்தான் 1968 பிப்ரவரி 7 அன்று ஏஎன்-12 விமானத்தில் இருந்த 102 பேர். லேயை நெருங்கியபோது வானிலை சரியில்லை. திரும்ப முடிவு செய்தார்கள். ரோஹ்தாங் கணவாய்ப் பக்கம் வந்தபின் தொடர்பு அறுந்தது. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 2003-இல், மலையேறப் போனவர்கள் லாகௌல் பகுதியில், சந்திரபாகா-13 சிகரத்தையொட்டிய டாக்கா பனியாற்றில் ஒரு சிப்பாயின் உடலைக் கண்டார்கள். பிறகு அவ்வப்போது சிலர் வெளிவந்தார்கள். 2024 செப்டம்பரில் மேலும் நான்கு உடல்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று பத்தனம்திட்டை மாவட்டம் இலந்தூருக்குப் போனது. இருபதுகளில் இறந்தவரை, ஐம்பத்தாறு ஆண்டு கழித்து, வயதான உடன்பிறப்புகள் அடக்கம் செய்தார்கள். இன்னும் பெரும்பாலோர் அந்தப் பனியில்தான் இருக்கிறார்கள்.

பனியாறு நகர்ந்துகொண்டே இருக்கிறது. மேலே விழுந்ததை உள்ளே வாங்கி, பல்லாண்டு கழித்துக் கீழ்முனையில் கொண்டுவந்து வைக்கும். 1966 ஜனவரி 24 அன்று மோன் பிளாங் மலையில் மோதிய ஏர் இந்தியாவின் ‘கஞ்சன்ஜங்கா’ விமானத்தில் அணு விஞ்ஞானி ஹோமி பாபா இறந்தார். அங்குள்ள பொசோன் பனியாறு 2020-இல் அந்த விமானத்தில் போன இந்தியச் செய்தித்தாள்களை வெளியே தள்ளியது. இந்திரா காந்தி பிரதமரான செய்தி அவற்றில் படிக்கும்படி இருந்தது.

“நாங்க தள்ளின மூட்டைகூட அப்படித்தான் எங்கயாவது கெடக்கும்” என்றார் அவர். ஏஎன்-32 விமானத்தின் பின்கதவு திறந்திருக்கும். இடுப்பில் பட்டை, மூக்கில் ஆக்சிஜன். பச்சை விளக்கு எரிந்ததும் மண்ணெண்ணெய் கேன், மாவு, உருளைக்கிழங்கு எல்லாம் பாராசூட்டோடு வெளியே போகும். சில பாராசூட் விரியாது. சில காற்றில் ஒதுங்கிப் பிளவுக்குள் விழும். கீழே இருப்பவன் அன்றைக்கு அரை வயிறு. இதையெல்லாம் யாரும் சினிமா எடுக்கவில்லை. போர் விமானிக்குப் பாட்டு உண்டு, படம் உண்டு. உருளைக்கிழங்கு கொண்டுபோய் இறந்தவனுக்கு இல்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அதே வகை ஏஎன்-32 நமக்கு வெகு அருகிலும் பறந்தது. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து 29 பேரோடு போர்ட் பிளேர் கிளம்பிய விமானம் வங்கக் கடலுக்கு மேல் மறைந்தது. அதுவும் கூரியர்தான். 2024 ஜனவரியில், பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னையிலிருந்து சுமார் 140 கடல்மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படமெடுத்ததாக அறிவித்தார்கள். ஏழரை ஆண்டு. அதற்கு இடையில், 2019 ஜூன் 3 அன்று ஜோர்ஹாட்டிலிருந்து மெச்சுகா கிளம்பிய இன்னொரு ஏஎன்-32 அருணாச்சல மலைக்காட்டில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். சிதைவைக் கண்டுபிடிக்கவே எட்டு நாள் ஆயிற்று.

மறுநாள் வெள்ளிமலையிலிருந்து இறங்கி, தியாகதுருகம் வழியாக உளுந்தூர்ப்பேட்டைக்குப் போனேன். இரண்டாம் உலகப் போரின்போது போடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்டபின் தென்னிந்தியக் கரை முழுக்கப் பதற்றம் இருந்தது. சூலூர், கயத்தாறு, செட்டிநாடு என்று போர்க்கால ஓடுதளங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. உளுந்தூர்ப்பேட்டை ஓடுதளத்தின் விரிசல்களில் சீமைக்கருவேலம் முளைத்திருக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். “வெள்ளைக்காரன் போட்டது” என்றார். அதற்கு மேல் அவருக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் பார்த்தவரை ஒரு பலகைகூட இல்லை.

அதே போரில் அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன விமானங்களில் ஏறத்தாழ 600 விழுந்தன. அருணாச்சலத்தின் பாசிகாட்டில் அவற்றின் சிதைவுகளைக் கொண்டு 2023-இல் அருங்காட்சியகமே திறந்துவிட்டார்கள். நமக்கு அருங்காட்சியகம் வேண்டாம். எந்த ஆண்டு, யார் போட்டது, எதற்கு என்று தமிழில் ஒரு பலகை போதும். மாவட்ட நிர்வாகத்துக்கு அது பெரிய செலவில்லை.

பலகையை அரசு வைக்கட்டும். சண்டிகர், லே, ஜோர்ஹாட், தாம்பரம் என்று எங்காவது மூட்டை ஏற்றியவர், தள்ளியவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவர் சொல்வதை நீங்கள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.