குந்தி உட்காரும் குழந்தைகள்

பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள சில குழந்தைகள், கொஞ்ச தூரம் ஓடியதும் சட்டென்று குந்தி உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அப்படி உட்கார்ந்தால் நுரையீரலுக்குக் கூடுதலாக ரத்தம் போய்த் திணறல் தணியும் என்பதை உடம்பே கண்டுபிடித்துக்கொள்கிறது.

நான் பள்ளியில் படித்த நாளில் எங்கள் தெருவிலும் அப்படி ஒரு பையன் இருந்தான். உதடும் நகமும் நாவற்பழம் தின்றவன்போல நீலம் பாரித்திருக்கும். கிட்டிப்புள் ஆடும்போது பாதியில் குந்திக்கொள்வான். 'சோம்பேறி' என்று கேலி செய்வார்கள். பத்து வயதைத் தாண்டவில்லை. "என்ன சீக்குன்னே தெரியாம போயிட்டானே" என்று அவன் அம்மா அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பின் இதைப் பற்றிப் படித்தேன். இப்படி நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கு நான் பிறக்கும் முன்பே வைத்தியம் வந்திருந்தது.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். அவருக்குக் காது மந்தம். அதனால் குழந்தையின் மார்பில் விரல்களை வைத்தே துடிப்பை உணரப் பழகினார். கருவில் இருக்கும்போது இதயத்துக்கு அருகே ஒரு சிறு ரத்தக்குழாய் திறந்திருக்கும், பிறந்தபின் மூடிவிடும். அது மூடாதவரை நீலக் குழந்தைகள் ஓரளவு நன்றாக இருப்பதையும், மூடியதும் நலிவதையும் அவர் கவனித்தார். அப்படியொரு குழாயை நாமே அமைத்தால் என்ன என்று அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக்கிடம் கேட்டார்.

ஆய்வுக்கூடத்தில் நாய்களுக்குச் செய்து பார்த்து அந்த முறையைச் செம்மைப்படுத்தியவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், தச்சு வேலை தெரிந்தவர். மருத்துவம் படிக்கச் சேர்த்த பணம் வங்கி திவாலானதில் போய்விட்டது. வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் இந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1944 நவம்பர் 29 அன்று 15 மாதக் குழந்தைக்கு முதல் அறுவை நடந்தது. கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்தார்கள். பிளாலாக்கின் பின்னால் ஒரு முக்காலியில் நின்று தாமஸ் யோசனை சொன்னார். அந்தக் குழந்தை சில மாதங்களே இருந்தது. ஆனால் அடுத்து வந்த குழந்தைகள் பலர் பிழைத்தார்கள். 1945இல் வெளியான கட்டுரையில் தாமஸின் பெயர் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1976இல்தான்.

பேரன் பேத்தி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தால், எடை ஏறாவிட்டால், உதடு நீலமானால், விளையாட்டின் நடுவே அடிக்கடி குந்தினால், திருஷ்டி என்று சுற்றிப் போடுவதோடு நிற்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். இன்று எக்கோ எடுத்து இதயத்தின் உள்ளே பார்த்துவிடலாம். பெரும்பாலான கோளாறுகளைச் சரிசெய்யவும் வழி உண்டு. ஆனால், குழந்தை குந்துவதை முதலில் பார்ப்பவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நாம்தான்.