கண் பார்ப்பது பாதிதான்

"அவரைக் கண்டனான் தங்கச்சி. கிளிநொச்சி பஸ் நிலையத்தில. அதே நடை, அதே பிடரி. ஓடிப்போய்ப் பார்த்தால் வேற ஆள். இது எத்தினையோ தரம் நடந்திட்டுது. எனக்கு விசர் பிடிச்சிட்டுதோ?"

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் கணவரைப் பிரிந்து, இன்றுவரை தேடிக்கொண்டிருக்கும் ஓர் அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. "அதெல்லாம் பிரமை அக்கா, மறக்கப் பாருங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. என் பதில் அவரைக் காயப்படுத்திவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. சமூகவியல் படித்த நான், பார்வையைப் பற்றி அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

கண்ணைப் புகைப்படக் கருவி போன்றது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பாதி உண்மையே. நாம் காணும் காட்சி விழித்திரையில் தலைகீழாக விழுகிறது. அங்குள்ள கலங்கள் ஒளியை மின் சைகைகளாக மாற்றுகின்றன. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஏறத்தாழ 10 இலட்சம் நரம்பு நார்கள் அச்சைகைகளை மூளைக்குக் கொண்டுசெல்கின்றன. பிடரிப் பக்கமாக உள்ள மூளைப் பகுதியில்தான் பார்வை உருவாகத் தொடங்குகிறது. கண் அனுப்புவதில் குறைவு இருந்தால், மூளை தனக்குத் தெரிந்ததைக் கொண்டு அதை நிரப்பிக்கொள்கிறது.

ஒருநாள் அந்த அக்காவின் வீட்டுக்கே போனேன். மகளின் கோடு போட்ட கொப்பியில், ஒரே கோட்டின்மேல் இடப்பக்கம் ஒரு சிலுவைக் குறியும், 8 சென்ரிமீற்றர் தள்ளி வலப்பக்கம் ஒரு சிறு பொட்டும் இட்டேன். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் சிலுவைக் குறியை மட்டும் பார்த்தபடி, கொப்பியைத் தூரத்திலிருந்து மெல்லக் கிட்டக் கொண்டுவரச் சொன்னேன். நீங்களும் செய்து பாருங்கள்.

"பொட்டைக் காணேல்லை. கோடு மட்டும் இருக்கு" என்றார் அவர்.

நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் பார்வைக் கலங்கள் இல்லை. அதுதான் குருட்டுப் புள்ளி. பிரான்ஸ் நாட்டு அறிஞர் மரியொட் 1660களில் இதைக் கண்டறிந்தார். அந்த வெற்றிடத்தில் கோட்டை வரைந்தது அக்காவின் மூளை.

"முகங்களை அடையாளம் காணவென்றே மூளையில் தனி இடம் இருக்கு அக்கா. முகிலில்கூட அது முகம் தேடும். இத்தனை வருசமா ஒரு முகத்தைத் தேடுற உங்களுக்கு, தூரத்தில ஒரு நடையைக் கண்டால் மிச்சத்தை மூளை நிரப்பாதோ? இது விசர் இல்லை" என்றேன். மறக்கச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

கொப்பியைப் பார்த்தபடியே இருந்தார். "அப்ப அவர் எங்கை எண்டு இது சொல்லாது, என்ன?"

"சொல்லாது அக்கா. அதைச் சொல்லவேண்டிய ஆக்கள் வேற."

சகோதரிகளே, உங்களுக்கும் இப்படித் தோன்றினால் வெட்கப்படாமல் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். நித்திரையும் சாப்பாடும் கெட்டால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள். அந்த அக்கா அடுத்த கூட்டத்துக்கு வந்தார். கையில் அந்தக் கொப்பியும் இருந்தது.